பழைய படத்துக்கு வெள்ளிக்கிழமை கிடையாது

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கத்தின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை ஒரு புதுப்படம் வெளியாக வேண்டும். வியாழன் இரவு வரை ஃபைனான்சியருக்குப் பாக்கி, போன படத்தின் நஷ்டம், ஒரு ஏரியாவில் படத்தை ஓட்டும் உரிமையை வாங்கியவரின் புகார் என்று ஏதாவது ஒன்று குறுக்கே நிற்கும். காலைக் காட்சி ரத்து என்று செய்தி வரும். ரசிகர்கள் தியேட்டர் வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் உங்களில் நாலு பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவீர்கள். ஒருவர் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார், இன்னொருவர் அடுத்த படத்தில் கழித்துக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போடுவார். விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனாலும், இவ்வளவு தொகையை டெபாசிட் செய்துவிட்டு வெளியிடுங்கள் என்று ஒரு வழி பிறக்கும். மத்தியானக் காட்சிக்குப் படம் ஓடிவிடும்.

கிண்டலுக்காக இதைச் சொல்லவில்லை. சண்டையை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் படத்தை வெளியே கொண்டுவரும் கலை இந்தத் தொழிலில் உங்களுக்குத்தான் தெரியும். அதைப் பழைய படங்களுக்கும் கொஞ்சம் காட்டுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பழைய படத்துக்கு வெள்ளிக்கிழமை என்று ஒன்று கிடையாது. அதற்காக யாரும் தியேட்டர் பிடித்து வைக்கவில்லை, அதன் மேல் தினசரி வட்டி ஏறவில்லை, வாசலில் கூட்டம் நிற்கவில்லை. உரிமை கோருகிற இரண்டு தரப்பும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம், இருவருக்கும் கைக்காசு போகாது. அதனால் அந்தச் சண்டை தீர்வதே இல்லை. டிவிடி காலத்திலும் அந்தப் படம் வரவில்லை, ஓடிடி காலத்திலும் வரவில்லை.

நான் ஒரு சிறிய திரைப்படக் கழகத்தில் இருப்பவன். எழுபதுகளில் வந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒரே ஒரு முறை, கட்டணம் இல்லாமல், நூறு பேருக்குள் திரையிட நினைத்தோம். தயாரிப்பாளரின் மகனிடம் கேட்டோம். "அப்பா நெகட்டிவோடு அவுட்ரைட்டாக, மொத்தமாக வித்துட்டாரே, வாங்கினவங்களைக் கேளுங்க" என்றார். வாங்கிய விநியோகஸ்தரின் குடும்பத்தில் கேட்டால், "எங்களுக்குப் பத்து வருஷத் தியேட்டர் உரிமை மட்டும்தான், அது எப்போதோ முடிந்துபோச்சு" என்றார்கள். அப்புறம் தி.நகரில் ஒருவர், டிவி, வீடியோ உரிமை எல்லாம் பர்பெச்சுவலாக, அதாவது நிரந்தரமாகத் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். பத்திரத்தைப் பார்க்கலாமா என்று கேட்டோம். வக்கீலிடம் இருக்கிறது என்றார். மூவருமே மரியாதையாகத்தான் பேசினார்கள், ஒருவர் காபியும் கொடுத்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் மூவரிடமும் இருந்தது, சரி என்று சொல்லும் அதிகாரம் ஒருவரிடமும் இல்லை. நாங்கள் வேறு படம் போட்டோம்.

இது எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்கு மட்டும் வரும் தலைவலி என்று நினைத்துவிட வேண்டாம். தமிழர் வீடுகளில் வசனம் மனப்பாடமாக இருக்கும் 'திருவிளையாடல்' படத்துக்கே இந்தக் கதி நேர்ந்தது. 1965இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த படம். 1975 டிசம்பரில், படத்தைத் தயாரித்த ஸ்ரீ விஜயலட்சுமி பிக்சர்ஸ் அதன் உரிமையை மூவி ஃபிலிம் சர்க்யூட்டுக்கு எழுதிக் கொடுத்தது. அங்கிருந்து 1976 மே மாதம் விஜயா பிக்சர்ஸுக்குக் கைமாறியது. அதன்பின் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் இது பெரிய பேச்சாகவில்லை. 2012இல் 'கர்ணன்' டிஜிட்டலில் சீரமைக்கப்பட்டு வந்து சக்கைப்போடு போட்டதும், எல்லோரும் தங்கள் பீரோவைத் திறந்து பழைய பத்திரங்களைத் தேட ஆரம்பித்தார்கள். 'திருவிளையாடலை' டிஜிட்டலாக்க விஜயா பிக்சர்ஸ், ஃபிலிமைக் கழுவிப் பிரிண்ட் போடும் ஜெமினி லேபை அணுகியது. எங்கள் சம்மதம் இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று விஜயலட்சுமி பிக்சர்ஸ் லேபுக்குச் சொன்னது. உரிமை எங்களுடையதே என்று 2012 மே மாதத்தில் நாளிதழில் விளம்பரமும் கொடுத்தது. விஜயா பிக்சர்ஸ் வழக்கு போட்டது. இருக்கும் நிலை அப்படியே தொடரட்டும் என்று நீதிபதி உத்தரவிட்டார். அதே வருஷம் செப்டம்பரில், இயக்குநரின் மகன் ஜெமினி கிடங்கில் நெகட்டிவைக் கண்டெடுத்துச் சீரமைத்து, படம் சினிமாஸ்கோப்பில் திரைக்கு வந்தது.

இந்தக் கதையில் யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அந்தப் படத்துக்கு மதிப்பு இருந்தது, அதனால் சண்டை போட ஆள் இருந்தது, அதனால் எப்படியோ வெளியே வந்தது. சிவாஜியும் நாகேஷும் இல்லாத, சின்ன கம்பெனி எடுத்த, சுமாராக ஓடிய ஒரு நல்ல படத்துக்கு இப்படி ஒரு குழப்பம் வந்தால் யார் வக்கீல் வைப்பார்கள்? அதில் வரும் வருமானம் முதல் வாய்தாவுக்குக் கூடக் காணாது.

குழப்பம் எப்படி முளைத்தது என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இந்த மடலை வெளியாரும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். அறுபதுகளில் எழுதிய பத்திரத்தில் இருந்ததெல்லாம் 35 எம்.எம்., 16 எம்.எம். என்ற ஃபிலிம் அளவு, எத்தனை வருஷம், எந்த ஏரியா, அவ்வளவுதான். வீட்டில் உட்கார்ந்து படம் பார்ப்பது என்ற யோசனையே அதில் இல்லை. 1975இல் சென்னைத் தொலைக்காட்சி வந்தது, ஞாயிற்றுக்கிழமைப் படம் வந்தது. அடுத்து வீடியோ கேசட். பதிப்புரிமைச் சட்டமே 1984இல்தான் 'திரைப்படம்' என்ற சொல்லுக்குள் வீடியோவைச் சேர்த்துக்கொண்டது. பிறகு கேபிள், 1993இல் சன் டிவி, சேட்டிலைட் உரிமை, விசிடி, டிவிடி, இப்போது இணையம். ஒவ்வொரு தொழில்நுட்பம் வந்தபோதும் ஒரு புது உரிமை பிறந்தது. பணமுடையில் இருந்த தயாரிப்பாளர் அதைத் தனியாக ஒருவருக்கு விற்றார். சிலர் மறதியில் இரண்டு பேருக்கும் விற்றார்கள். 'மறதி' என்றே வைத்துக்கொள்வோம்.

கடைசியில் வக்கீல்கள் உஷாராகி, "இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா வகை ஊடகங்களும் உட்பட" என்று ஒரு வரியைச் சேர்த்தார்கள். 2012இல் வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தம், பத்திரம் எழுதும்போது இல்லாத ஊடகத்துக்கு அந்தப் பத்திரம் செல்லாது, அதைக் குறிப்பாகச் சொல்லியிருந்தாலொழிய என்றது. அப்படியானால் 1972இல் நெகட்டிவோடு மொத்தமாக விற்ற படத்தின் இணைய உரிமை வாங்கியவருக்கா, விற்றவரின் பேரனுக்கா? எனக்கு இரண்டு வக்கீல்கள் இரண்டு பதில் சொன்னார்கள். ஓடிடிக்காரர்களின் சட்டப் பிரிவு இதையெல்லாம் கேட்டுத் தலையைச் சொறிவதில்லை. உரிமை கைமாறிய சங்கிலியில் ஒரு கண்ணி விட்டிருந்தால் ஃபைலை மூடிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள்.

இதோடு லேப் சமாச்சாரமும் சேர்ந்துகொள்கிறது. அந்தக் காலத்தில் படத்தின் உண்மையான சாவி லேப் லெட்டர்தான். நெகட்டிவ் யார் பெயரில் இருக்கிறது, பிராசஸிங் பாக்கி எவ்வளவு, ஃபைனான்சியரின் சம்மதம் இல்லாமல் பிரிண்ட் போடக் கூடாதா என்பதெல்லாம் அந்த ஒற்றைத் தாளில் இருந்தது. பாக்கி கட்டாத படத்தின் நெகட்டிவ் லேபிலேயே தங்கிவிட்டது. டிஜிட்டல் வந்ததும் லேப்கள் ஒவ்வொன்றாக மூடின. கடனும் போயிற்று, கடன்பட்டவரும் போய்விட்டார். பெட்டி மட்டும் எங்கோ ஒரு கிடங்கில் கிடக்கிறது. பெட்டி வைத்திருப்பவருக்குப் பதிப்புரிமை கிடையாது, பதிப்புரிமை வைத்திருப்பவருக்குப் பெட்டி எங்கே என்று தெரியாது. இருவரும் கைகோக்காமல் ஒரு ஃபிரேம்கூட ஸ்கேன் செய்ய முடியாது.

அந்தப் பெட்டி எந்த நிலையில் இருக்கும் என்று கொஞ்சம் யோசியுங்கள். அசிடேட் ஃபிலிம் நம் ஊர் வெயிலில், ஈரத்தில், ஏசி இல்லாத அறையில் கிடந்தால் மெல்ல மெல்லச் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். மூடியைத் திறந்ததும் ஊறுகாய்ப் புளிப்பு மாதிரி ஒரு நெடி மூக்கில் ஏறும். அந்த நெடி வர ஆரம்பித்துவிட்டால் அதற்குப்பின் வேகம் கூடிக்கொண்டே போகும். பக்கத்துப் பெட்டிக்கும் அது பரவும். ஃபிலிம் சுருங்கி, நெளிந்து, ஸ்கேனரின் பல்லில் உட்காராது. ஈஸ்ட்மென் கலர் பிரிண்ட் என்றால் நீலமும் பச்சையும் வெளுத்து, கதாநாயகியின் பச்சைப் புடவைகூட வெளிறிய செம்பழுப்பாகத் தெரியும். வழக்கு இருபது வருஷம் நடந்து ஒருவர் ஜெயித்தால், அவர் கைக்கு வருவது பெரும்பாலும் இதுதான். பாலு மகேந்திரா தமிழ் சினிமாவுக்கென்று ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். 2014இல் அவரும் போய்விட்டார். நாம் இன்னும் புனேயில் இருக்கும் தேசியத் திரைப்படக் காப்பகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் சார்லஸ் பர்னெட் எழுபதுகளில் மாணவராக இருந்தபோது எடுத்த 'கில்லர் ஆஃப் ஷீப்' படத்தை, பாதுகாக்க வேண்டிய தேசியச் சொத்து என்று அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம் 1990லேயே பட்டியலில் சேர்த்தது. ஆனால் படத்தில் ஒலிக்கும் பழைய பாடல்களுக்கு அவர் உரிமை வாங்கியிருக்கவில்லை. ஒன்றரை லட்சம் டாலர் கொடுத்துப் பாட்டுகளைச் சரிசெய்த பிறகு 2007இல்தான் படம் முறையாகத் திரைக்கும் டிவிடிக்கும் வந்தது. அங்கே குறைந்தபட்சம் யாரிடம் பணம் கட்ட வேண்டும் என்று தெரிந்தது, விலையும் தெரிந்தது. நம்மிடம் பணத்தை வைத்துக்கொண்டு நின்றாலும் எந்த வாசலில் கொடுப்பது என்று தெரிவதில்லை.

அரை கிரவுண்டு நிலம் வாங்கப் போகிறவன்கூட முதலில் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்க்கிறான். யார் யாருக்கு எந்தத் தேதியில் விற்றார், எந்த வங்கியில் அடமானம் என்று வரிசையாக வந்துவிடும். படத்துக்கு அப்படி ஒன்று இல்லை. பதிப்புரிமைப் பதிவு நம் நாட்டில் கட்டாயம் இல்லை, உரிமை மாற்றிக்கொடுக்கக் கையெழுத்திட்ட ஒரு தாள் போதும். அந்தத் தாளை எங்கேயும் பதிய வேண்டியதில்லை. ஆகவே நாளிதழில் வருகிற பொது அறிவிப்பு ஒன்றுதான் நமக்கு மிச்சம்: "மேற்படி படத்தின் சேட்டிலைட், டிஜிட்டல் உள்ளிட்ட உரிமைகளை எம் கட்சிக்காரர் வாங்க உள்ளார், ஆட்சேபணை உள்ளவர்கள் ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கவும்." ஏழு நாளில் அந்தப் பேப்பர் வடை மடிக்கப் போய்விடும். கோலாலம்பூரில் இருக்கும் பங்குதாரரின் மகள் அதைப் பார்ப்பாரா?

இங்கேதான் உங்கள் மேல் எனக்கு வருத்தம். படத் தலைப்புகளுக்குப் பதிவேடு வைத்திருக்கிறீர்கள். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு தலைப்பைப் புதுப்படத்துக்கு வைக்க வேண்டும் என்றால், பழைய தயாரிப்பாளரைத் தேடிப் பிடித்துத் தடையில்லாக் கடிதம் வாங்கிக்கொண்டு வா என்கிறீர்கள். சரிதான், அது நல்ல வழக்கம். தலைப்பின் வாரிசைக் கண்டுபிடிக்க முடிகிற உங்களால் படத்தின் வாரிசைக் கண்டுபிடிக்க முடியாதா?

சட்டத்தில் வழி இருக்கிறதே என்று யாராவது சொல்லலாம். இருக்கிறது, பேப்பரில். பதிப்புரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, உரிமையாளர் மறுப்பதால் மக்களுக்குக் கிடைக்காமல் போன படைப்புக்குக் கட்டாய உரிமம் கேட்கலாம் என்கிறது. 31ஏ பிரிவு, உரிமையாளரைக் கண்டுபிடிக்கவே முடியாத படைப்புக்கு உரிமம் கேட்கலாம் என்கிறது. அதற்கு முன் ஒரு விளம்பரம் கொடுக்க வேண்டும், நாட்டின் பெரும்பகுதியில் விற்கும் ஓர் ஆங்கில நாளிதழில். தமிழ்ப் படத்தின் காணாமல்போன தமிழ் வாரிசை ஆங்கிலப் பத்திரிகையில் கூப்பிட வேண்டுமாம்! மனுவை விசாரிக்க முதலில் பதிப்புரிமை வாரியம் இருந்தது, 2017இல் அதை அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தோடு சேர்த்தார்கள், 2021இல் அந்த வாரியத்தையே கலைத்துவிட்டார்கள். இப்போது நேராக நீதிமன்றம்தான். முப்பது பேர் பார்க்கப்போகும் படத்துக்காக எந்தத் திரைப்படக் கழகம் உயர் நீதிமன்றப் படியேறும்?

இன்னொரு கணக்கை உங்கள் காதில் போட்டுவைக்கிறேன். திரைப்படத்துக்குப் பதிப்புரிமை வெளியான வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருஷம். 1964இல் வந்த 'கர்ணனுக்கு' அது 2024 டிசம்பர் 31 வரை. 1965 படங்களுக்கு 2025 கடைசி வரை. 1970 படங்களுக்கு 2030. வாய்தா வாங்கிக்கொண்டே போகிறவர்கள் இந்தத் தேதியைக் கவனிக்க வேண்டும். ஜெயித்த அன்று கையில் விற்பதற்கு எதுவும் இருக்காது. அதற்குப்பின் யாரும் வெளியிடலாமே என்று ரசிகர்கள் சந்தோஷப்படவும் முடியாது. 'திருவிளையாடல்' பாட்டுகளை எழுதிய கண்ணதாசன் 1981இல் காலமானார், இசையமைத்த கே.வி. மகாதேவன் 2001இல். பாடலாசிரியரின் வரிக்கும் இசையமைப்பாளரின் மெட்டுக்கும் அவர்கள் மறைந்தபின் 60 வருஷம் என்பதால், படம் பொதுச் சொத்தான பிறகும் பாட்டை வைத்து வாதாட 2041, 2061 வரை இடம் உண்டு. அது போக, நல்ல நெகட்டிவைப் பூட்டி வைத்திருப்பவர் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இவ்வளவு பாதுகாத்து என்ன லாபம் பார்த்தீர்கள்? அந்தப் படங்களில் பல இணையத்தில் கிடைக்கவே செய்கின்றன. எவரோ டிவியிலிருந்து பதிவுசெய்த, மூலையில் சேனல் சின்னம் நிற்கும், ஒரு ரீல் குறையும் மங்கலான பிரதி. விளம்பரக் காசு ஏற்றியவருக்குப் போகிறது. சண்டை போடும் இருவருக்கும் பைசா கிடையாது. 2007 வாக்கில் மோசர் பேயர் கம்பெனி டிவிடியை 34 ரூபாய்க்கும் விசிடியை 28 ரூபாய்க்கும் விற்றபோது பெட்டிக்கடையில்கூட ஒரிஜினல் தொங்கியது, ஜனங்கள் வாங்கினார்கள். பத்திரம் சுத்தமாக இருந்த படங்கள் அந்த அலையில் ஏறிவிட்டன. மற்றவை கரையிலேயே நின்றுவிட்டன.

எனவே நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. பழைய படங்களின் உரிமைப் பதிவேடு ஒன்றைச் சங்கமே தொடங்கட்டும், எவரும் பார்க்கும்படி. யாருக்கு உரிமை என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம், யார் யார் எந்தப் பத்திரத்தை வைத்து எந்த உரிமையைக் கோருகிறார்கள் என்று பதிந்தால் போதும். மூன்று பேர் கோரினால் மூன்று பேர் பெயரும் இருக்கட்டும். எந்தக் கிடங்கில் பெட்டி இருக்கிறது என்றும் எழுதுங்கள். இருப்பு தெரிந்த கிடங்குக்காரர்கள் சொல்வார்கள், அவர்களுக்கும் அந்த இடம் காலியானால் நல்லதுதானே. அப்புறம், தகராறு உள்ள படத்துக்கு ஒரு பொதுக் கணக்கு. ஓடிடியோ டிவிடி கம்பெனியோ திரைப்படக் கழகமோ கொடுக்கும் தொகை அந்தக் கணக்கில் ஏறட்டும், கோருகிற எல்லோரும் "வழக்கு முடிந்தபின் பங்கு பிரித்துக்கொள்கிறோம், அதுவரை படம் வெளிவருவதற்கு ஆட்சேபணை இல்லை" என்று ஒரே தாளில் கையெழுத்துப் போடட்டும். யாருடைய வாதமும் இதனால் பலவீனப்படாது என்று அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளலாம். புதுப்படத்துக்கு வியாழன் ராத்திரி நீங்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று அடம் பிடிப்பவர்களும் இருப்பார்கள். இருக்கட்டும். நூறு படத்தில் நாற்பதுக்குச் சம்மதம் கிடைத்தாலும் இன்றைக்கு இருப்பதைவிட நாற்பது கூடுதல். காலாவதி நெருங்கும் வருஷங்களிலிருந்து ஆரம்பியுங்கள். அறுபதுகளின் கடைசியில் வந்த படங்கள் முதலில், எழுபதுகள் அடுத்து.

ஆள் இல்லை, யார் உட்கார்ந்து பட்டியல் போடுவது என்றால், நாங்கள் வருகிறோம். எங்களைப் போன்ற கழகங்களில் பழைய பாட்டுப் புத்தகங்களைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புத்தகங்களில் தயாரிப்பு, விநியோகம், எந்த லேபில் பிராசஸ் செய்தது என்ற விவரம் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். சிலவற்றில் கம்பெனியின் விலாசமும் உண்டு. ஸ்கேன் எடுத்து, வருஷவாரியாக அடுக்கித் தருகிறோம், சம்பளம் வேண்டாம். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக வைத்து, பட்டியலை யாரிடம் ஒப்படைப்பது என்று ஒரு பெயரை மட்டும் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு திரைப்படக் கழக உறுப்பினர்